விண் கூவும் இரவில் நித்திரை

மார்கழி பிறந்து வாடைக்காற்று பிடித்துவிட்டால் வடமராட்சியில் இரவு வானம் சும்மா இருப்பதில்லை. பகலில் ஏற்றிய கொக்குப் பட்டத்தையும் எட்டுமூலைப் பட்டத்தையும் இறக்காமல், நூலைப் பனையிலோ பூவரசிலோ கட்டிவிட்டுப் பொடியன்கள் படுக்கப் போவார்கள். பட்டத்தின் தலையில் பூட்டிய விண் விடியவிடியக் கூவும். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று நடக்கும் பட்டப் போட்டியின் படங்கள் இன்று உலகெங்கும் போகின்றன. அந்தப் படங்களில் அகப்படாதது இந்த இராச்சத்தம். ஊர் முழுவதும் கேட்கும் அந்த ஓசைக்குள் குழந்தைகளும் முதியவர்களும் நிம்மதியாக நித்திரை கொள்கிறார்கள். அதே வீட்டுக்காரர் படலைக் கொளுக்கி மெல்லத் தட்டுப்பட்டால் எழும்பிவிடுகிறார்கள். பட்டம் கட்டியவனோ விண் நின்றுபோனால் எழும்புகிறான். காற்று விழுந்துவிட்டது, பட்டம் யாருடைய வளவுக்குள் போய் விழுந்ததோ என்ற கவலை அவனுக்கு.

விண்ணின் அமைப்பு எளிது. வளைத்த வில்லொன்றில் மெல்லிய நாடாவை இறுக்கிக் கட்டுவார்கள். முன்பு பனையிலிருந்து சீவிய நார், இப்போது பெரும்பாலும் பொதி கட்டும் பிளாஸ்ரிக் நாடா. காற்று அந்தத் தட்டை நாடாவைக் கடக்கும்போது அது படபடத்து அதிர்கிறது. நாடாவின் இறுக்கமும் நீளமும் சுருதியைத் தீர்மானிக்கின்றன. காற்றின் வேகம் ஓசையைக் கூட்டிக் குறைக்கிறது. உருண்டையான கம்பியில் நடப்பது கொஞ்சம் வேறு. அதை 1878இல் செக் நாட்டுப் பௌதிகவியலாளர் வின்சென்ஸ் ஸ்ட்ரூஹால் அளந்து காட்டினார். கம்பியின் பின்னால் சின்னச் சுழிகள் மாறிமாறிக் கழன்று போவதால் ஒலி எழுகிறது; காற்று வேகமானால் சுருதி ஏறும், கம்பி தடித்தால் இறங்கும். வாடை கடலைத் தாண்டி நேரே வருகிறது. வழியில் மரமும் கட்டடமும் மறிக்காத காற்று என்பதால் அதன் வேகம் வெடுக்கென்று மாறுவது குறைவு. விண்ணின் ஓசையும் அப்படியே, பெரிய வெட்டுகள் இல்லாமல் ஏறி இறங்கும். நித்திரைக்குத் துணையாக ஓர் ஒலியைத் தேர்வதென்றால் முதலில் பார்க்க வேண்டிய குணம் இந்த ஒழுங்குதான். இனிமை அதற்குப் பிறகு.

நித்திரையில் காது வேலையை நிறுத்துவதில்லை. உட்காதில் விழும் ஒலி நரம்புச் சைகையாகி மூளையின் நடுவிலுள்ள தலமஸ் என்ற பகுதி வரைக்கும் வந்துசேர்கிறது. அங்கிருந்து மூளையின் மேற்பட்டைக்கு எதை விடுவது, எதைத் தடுப்பது என்ற வடிகட்டல் நடக்கிறது. இலேசான நித்திரையில் இருப்பவரின் மூளை மின்பதிவைப் பார்த்தால், ஒரு செக்கன் அளவுக்கு நீடிக்கும் விரைவான அலைக்கற்றைகள் இடையிடையே தோன்றும். ஸ்பிண்டில் என்று அவற்றைச் சொல்வார்கள். தலமஸும் மேற்பட்டையும் தங்களுக்குள் உரையாடும் வேளை அது. அப்போது வெளியிலிருந்து வரும் ஒலி உள்ளே ஏறுவது கடினம். 2010இல் டாங்-வூ, எலன்போகன் ஆகியோரின் குழு அமெரிக்காவில் 12 பேரை ஆய்வுகூடத்தில் மூன்று இரவுகள் படுக்கவைத்துப் பார்த்தது. அமைதியான முதல் இரவில் எவருக்கு ஸ்பிண்டில்கள் கூடுதலாக இருந்தனவோ அவர், சத்தம் போட்ட அடுத்த இரவுகளில் எளிதில் எழும்பவில்லை. ஒரே வீட்டில் ஒருவர் தவில் சத்தத்துக்குள்ளும் குறட்டை விட, இன்னொருவர் பல்லி சொன்னாலே எழும்பி உட்காருவதற்கு இது ஒரு காரணம். அப்படி எழும்புகிறவரைப் "பயந்தாங்கொள்ளி" என்று வீட்டில் பகிடி பண்ணுவது நியாயமே இல்லை. அவருடைய மூளையின் அமைப்பு அது.

ஒலியின் அளவைவிட அதன் பொருள் முக்கியம் என்பதும் பழைய கண்டுபிடிப்புத்தான். 1960இல் பிரித்தானிய ஆய்வாளர் அயன் ஒஸ்வால்டும் அவரோடு சேர்ந்தவர்களும், நித்திரையில் இருப்பவர்களுக்குப் பெயர்களை ஒலிநாடாவில் போட்டுக் காட்டினார்கள். தன் சொந்தப் பெயர் வந்தபோது மூளை மின்பதிவில் பெரிய அலை எழுந்தது. அதே பெயரைப் பின்னிருந்து முன்னாக ஓட்டியபோது அவ்வளவு எழவில்லை. ஓசையின் அளவு ஒன்றுதான், பொருள் போய்விட்டது. 2012இல் அமெரிக்காவில் பக்ஸ்டன் என்பவரும் குழுவினரும் வைத்தியசாலைச் சத்தங்களை நலமான 12 பேருக்கு இரவில் போட்டுப் பார்த்தபோது, தொலைபேசி மணியும் கருவிகளின் எச்சரிக்கை ஒலியும் மிகத் தாழ்ந்த அளவிலேயே ஆட்களை எழுப்பிவிட்டன. பேச்சுக்குரலும் நன்றாகவே எழுப்பியது. வீதி வாகன இரைச்சலுக்கு அந்தச் சக்தி இல்லை. 2019இல் பாரிஸில் நடந்த ஆய்வொன்றில், பொருளுள்ள கதை ஒன்றும் பொருளற்ற சொற்கோவை ஒன்றும் ஒரே நேரத்தில் ஓட, இலேசான நித்திரையில் கிடந்தவர்களின் மூளை பொருளுள்ள கதையையே பின்தொடர்ந்தது. வானொலிச் செய்தியையோ பட்டிமன்றத்தையோ போட்டுவிட்டுப் படுக்கும் பழக்கம் நம் பெரியவர்கள் பலருக்கு உண்டு. தனிமைக்கு அது துணை என்பதை மறுக்க முடியாது. ஆனால் விடியும்வரை ஓட விடுவது, களைத்த மூளைக்கு இரவிலும் பாடம் வைப்பது. நித்திரை வந்ததும் தானாக நிற்கும்படி நேரம் வைத்துவிடுவது நல்லது.

இனிக் கணக்குக்கு வருவோம். 2005இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், தீவிர சிகிச்சைப் பிரிவில் பதிவுசெய்த சத்தங்களை நித்திரையில் இருப்பவர்களுக்குப் போட்டார்கள். அவர்கள் அடிக்கடி விழிப்புத் தட்டி எழுந்தார்கள். பிறகு அதே சத்தங்களுக்கு அடியில் ஒரு சீரான இரைச்சலையும் சேர்த்து ஓட்டினார்கள். மொத்தச் சத்தம் கூடியது. விழிப்போ பெருமளவு குறைந்தது. எழுப்புவது உச்சச் சத்தத்தின் அளவு மட்டும் அல்ல, பின்னணிக்கும் உச்சத்துக்கும் இடையிலுள்ள தூரம் என்பதுதான் அவர்களின் முடிவு. பண்ணைக் கடல் வற்றிக் கிடக்கையில் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தெரியும். நீர் பெருகினால் அதே கற்கள் காணாமற்போகும். பின்னணி ஒலி செய்வது இந்தப் பெருக்கை. 25 டெசிபெல் அமைதியில் கிடக்கும் அறைக்குள் 50 டெசிபெல் நாய்க்குரைப்பு நுழைந்தால் 25 டெசிபெல் குதிப்பு. அறையில் 42 டெசிபெல் சீரான இரைச்சல் இருந்தால் குதிப்பு 8 டெசிபெல் சொச்சம்தான்.

உலக சுகாதார நிறுவனம் 1999இல் தந்த வழிகாட்டலில், படுக்கையறைக்குள் தொடர்ந்த சத்தம் 30 டெசிபெலுக்குள்ளும் தனித்தனி உச்சங்கள் 45 டெசிபெலுக்குள்ளும் இருக்கட்டும் என்கிறது. குளிர்நாடுகளில் அதை எட்ட ஒரு வழி உண்டு. இரட்டைக் கண்ணாடி யன்னலை இறுக்கச் சாத்திவிட்டால் தெருச் சத்தம் வெளியே நின்றுவிடும். யாழ்ப்பாணத்தில் சித்திரை, வைகாசி இரவில் யன்னலைச் சாத்திவிட்டுப் படுத்துப் பாருங்கள். நித்திரை வருவதற்கு உடலின் உட்சூடு கொஞ்சம் இறங்க வேண்டும். தோல் வழியாக அந்தச் சூடு வெளியேற வேண்டும். புழுக்கம் அதைத் தடுக்கிறது. ஆகவே நாம் யன்னலைத் திறந்தே வைக்கிறோம். ஓட்டு வீடுகளில் சுவருக்கும் கூரைக்கும் இடையிலும் காற்று போய்வர வழி விட்டிருக்கிறார்கள். கொஞ்சம் திறந்த யன்னல் வெளிச் சத்தத்தில் ஏறக்குறைய 15 டெசிபெலைத்தான் குறைக்கும். வெப்பத்துக்கு ஏற்றபடி முன்னோர் கட்டிய வீடு, சத்தத்துக்குத் திறந்த வீடாகத்தான் இருக்கும். சத்தத்தை வெளியே நிறுத்தும் வழி அடைபட்ட இடத்தில், உள்ளே ஒரு சீரான ஒலியைப் பரப்புவது ஆடம்பரம் ஆகாது. நமக்குக் கையில் எட்டும் வழி அதுதான். மேற்கு நாட்டு ஆலோசனைகளை அப்படியே எடுத்துப் போடுவோர் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை என்பது என் குறை.

நம்மில் பலர் அறியாமலே இந்த வழியைக் கைக்கொண்டிருக்கிறோம். மின்விசிறியின் இரைச்சல் அறைக்குள் ஏறக்குறைய 40 முதல் 55 டெசிபெல் வரை இருக்கும். வேகத்தைப் பொறுத்தும் தூரத்தைப் பொறுத்தும் மாறும். அது வியர்வையை ஆற்றுகிறது, நுளம்பைக் கிட்ட விடாமல் தள்ளுகிறது, கூடவே சத்தத்தையும் மூடுகிறது. நுளம்பின் ரீங்காரம் 400 முதல் 600 ஹேர்ட்ஸ் அளவிலானது. காதருகே வந்தால்தான் கேட்கும், கேட்டால் நித்திரை போய்விடும். மின்விசிறியின் இரைச்சல் அந்த அலைவரிசையை நன்றாக மூடக்கூடியது.

2022 பங்குனி முடிவில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது, கரண்ட் போன மறுநிமிடமே வீடே எழும்பிய அனுபவம் எல்லாருக்கும் இருக்கும். புழுக்கம் ஏற இன்னும் நேரம் இருக்கிறது. அதற்கு முன்னமே ஏன் விழிப்பு வருகிறது? வந்துகொண்டே இருக்கும் ஓர் ஒலியை மூளை எதிர்பார்க்கப் பழகிக்கொள்கிறது. எதிர்பார்த்தது வராமற்போவதும் ஒரு செய்திதான். ரஷ்ய உளவியலாளர் எவ்கெனி சொக்கொலொவ் இதை விரிவாக ஆராய்ந்தவர். திரும்பத்திரும்ப வரும் தூண்டலுக்குப் பழகி அடங்கிய மூளை, அது மாறும்போதோ தவறும்போதோ மீண்டும் கவனம் கொள்கிறது என்று அவர் காட்டினார். பட்டம் கட்டிய பொடியனை எழுப்புவதும் இதுதான். ஒலி நின்ற பின் இருக்கும் அமைதியில், அதுவரை மூடிக்கிடந்த நாய், தவக்கை, பக்கத்து வீட்டு இருமல் எல்லாம் ஒரேயடியாக வெளியே தெரிகின்றன. மின்தடை வழக்கமான இடங்களில் சின்ன மின்கல விசிறி ஒன்றை வைத்துக்கொள்வது, சூட்டுக்கு மட்டுமில்லாமல் ஒலிக்கும் பயன்படும்.

யாழ்ப்பாணத்தில் நித்திரையையும் சத்தத்தையும் பற்றி எழுதுகிறவர் போரைத் தாண்டிப் போய்விட முடியாது. 1990களின் முற்பாதியில் குடாநாட்டில் மின்சாரமே இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. மின்விசிறியின் இரைச்சலும் இல்லை, மோட்டார் வாகனங்களும் அருமை. இரவின் பின்னணி மிகவும் தாழ்ந்து கிடந்தது. அந்தத் தாழ்ந்த பின்னணிக்கு மேலேதான் ஷெல் புறப்படும் ஓசையும் ஹெலியின் ஓசையும் கேட்டன. தொலைவில் 'டப்' என்று குத்துவதைக் கேட்டவுடன் எழும்பி, விழுவதற்கு முன் பங்கருக்குள் இறங்கியவர்கள் பிழைத்தார்கள். தகப்பன் எழுப்ப வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகள் தாங்களே எழும்பினார்கள். இடியை ஷெல்லிலிருந்து பிரித்தறியக் காது பழகியிருந்தது. இடிக்கு எழும்பாதவர்கள், அதைவிட மெல்லிய குத்துச் சத்தத்துக்கு எழும்பினார்கள். ஒஸ்வால்டின் ஆய்வுகூடத்தில் சொந்தப் பெயர் செய்த வேலையை, இங்கே அந்த ஓசை செய்தது.

மூளை உயிரைக் காக்கக் கற்ற பாடம், ஆபத்து நீங்கிய பின் தானாக அழிந்துவிடுவதில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம், வடபகுதி மக்களின் போர்க்கால மனவடுக்களைப் பற்றி 1998இல் ஒரு முழு நூலே எழுதினார். திடுக்கிடல், நித்திரைக் குழப்பம், எப்போதும் விழிப்பாகவே இருத்தல் ஆகியவை அந்த மனவடுவின் அறியப்பட்ட அடையாளங்கள். இன்றும் கலியாண வீட்டு வெடிக்கு உடல் உதறிப்போகிற பெரியவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். இவர்களுக்குப் பின்னணி ஒலி இரண்டு விதமாக வேலை செய்யலாம். சிலருக்கு அது திடீர்ச் சத்தங்களை மூடி ஆறுதல் தரும். வேறு சிலருக்கோ அதுவே பதற்றம். 'வருவது கேட்காமற் போய்விடுமே' என்ற அந்தப் பயம் அர்த்தமற்றதல்ல. ஒரு காலத்தில் அது சரியாகவே இருந்தது. அப்படிப்பட்டவரின் அறையில் அவரைக் கேளாமல் இரைச்சலைப் போட்டுவிடக் கூடாது. மிகத் தாழ்த்தி, பகல் நித்திரையில் முதலில் போட்டுப் பார்க்கலாம். ஜெனரேற்றர் இரைச்சலும் தாழ்ந்த முழக்கமும் அவர்களுக்குப் பழையதை நினைவூட்டினால் மழை ஓசையோ கடல் ஓசையோ பார்க்கலாம். வாரக்கணக்காகப் பயங்கரக் கனவும் விழிப்பும் தொடருமானால் உளமருத்துவரிடம் போவதுதான் வழி. பின்னணி ஒலி அந்த நோய்க்கு மருந்தாகாது.

இணையத்தில் வெள்ளை, இளஞ்சிவப்பு, பழுப்பு என்று இரைச்சலுக்கு நிறம் பூசி விற்கிறார்கள். வேறுபாடு சக்தி பரவியிருக்கும் முறையில் இருக்கிறது. வெள்ளை இரைச்சலில் எல்லா அதிர்வெண்களிலும் சக்தி சமம். மேற்சுருதி தூக்கலாகக் கேட்கும், நிலையம் பிடிபடாத வானொலியின் 'ஸ்ஸ்' போல. இளஞ்சிவப்பில் அதிர்வெண் இரட்டிக்கும் ஒவ்வொரு படிக்கும் 3 டெசிபெல் குறையும்; சீரான மழையை ஒத்திருக்கும். பழுப்பில் படிக்கு 6 டெசிபெல் குறைவதால் தூரத்துப் பேரலையின் முழக்கம் போலக் கேட்கும். எது நல்லது என்ற கேள்விக்கு விடை, எது உங்களை எழுப்புகிறது என்பதில் இருக்கிறது. பெல் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய ஹார்வி ஃபிளெச்சர் 1940இல் விளக்கியபடி, ஓர் ஒலியை மூடுவது அதன் அதிர்வெண்ணுக்கு அண்டையிலுள்ள இரைச்சல்தான். மற்றப் பகுதியில் எவ்வளவு இரைத்தாலும் பயன் குறைவு. தாழ்ந்த ஒலி உயர்ந்ததை ஓரளவு மூடும். உயர்ந்தது தாழ்ந்ததை மூடுவது அரிது.

ஆகவே பல்லி, கடிகாரத்தின் டிக் டிக், கிசுகிசுப்புப் போன்றவை தொல்லையானால் வெள்ளை போதும். தெருநாய், பேச்சுக்குரல், தூரத்து ஒலிபெருக்கி என்றால் இளஞ்சிவப்பு பொருத்தம். பஸ்ஸும் ஜெனரேற்றரும் படகு இயந்திரமும் என்றால் பழுப்பு வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. கைத்தொலைபேசியின் சின்ன ஒலிவாயால் சில நூறு ஹேர்ட்ஸுக்குக் கீழே போதிய ஒலியை எழுப்ப முடியாது. பழுப்பு இரைச்சலைப் போட்டாலும் வெளியே வருவது அதன் மேற்பகுதி மட்டும்தான். குருநகர், பாசையூர்க் கரையில் விடியப்புறம் படகுகள் கிளம்பும் சத்தத்தைக் கைத்தொலைபேசியால் மூட முயல்கிறவர் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவார், காதுக்குத்தான் கேடு. பழைய வானொலிப் பெட்டி அளவுள்ள ஒலிபெருக்கி ஒன்றோடு இணைத்தால் குறைந்த ஒலியிலேயே காரியம் ஆகும். பேசாமல் பெரிய மேசை விசிறியைச் சுவர்ப்பக்கம் திருப்பி ஓடவிட்டாலும் சரி. இன்னொன்று: யூடியூபில் மழை ஓசையைப் போட்டுவிட்டுப் படுக்கிறவரை நடுச்சாமத்தில் விளம்பரம் எழுப்பிவிடும். பத்துச் செக்கன் துண்டைத் திரும்பத்திரும்ப ஓட்டும் செயலிகளில், ஒட்டிய இடத்தில் ஒரு சின்ன வெட்டு கேட்கும்; மூளை அதைக் கண்டுபிடித்துவிட்டால் அதற்காகவே காத்திருக்கத் தொடங்கும். நீண்ட பதிவு ஒன்றைத் தரவிறக்கி, கைத்தொலைபேசியை வானூர்தி நிலையில் வைத்து ஓட்டுவது மேல்.

இயற்கை ஒலிகளில் குடாநாட்டுக்குக் குறைவில்லை. எல்லாம் ஒரே தரம் என்று எண்ணிவிடக் கூடாது. வல்வெட்டித்துறை, பருத்தித்துறைக் கரையில் வாடைக் காலத்து அலை முருகைக்கற்களில் மோதி உடையும். அந்த இரைச்சலின் பெரும்பகுதி, நீருக்குள் சிக்கிய காற்றுக் குமிழிகள் அதிர்வதால் வருவது. குமிழியின் அளவுக்கும் அதன் சுருதிக்கும் உள்ள தொடர்பை 1933இல் மார்சல் மின்னார்ட் கணக்கிட்டார்: ஒரு மில்லிமீற்றர் ஆரமுள்ள குமிழி ஏறத்தாழ 3,000 ஹேர்ட்ஸில் ஒலிக்கும், பெரியது தாழ்ந்து ஒலிக்கும். எண்ணற்ற அளவிலான குமிழிகள் ஒன்றாக ஒலிப்பதால் எல்லாச் சுருதியும் கலந்த பரந்த இரைச்சல் கிடைக்கிறது. அலை ஏறி இறங்கச் சில செக்கன்கள் எடுக்கின்றன. மெதுவான மாற்றம் எழுப்பாது. ஓட்டுக்கூரையில் விழும் மழையும் நல்ல துணை. தகரத்தில் கனமழை விழுந்தால் அது வேறு கதை, அளவு மீறிவிடும். மாரித் தவக்கையின் கூட்டுக் குரல் கேட்க ஒழுங்காக இருந்தாலும், ஆள் அரவம் கேட்டால் திடீரென்று அடங்கி, பிறகு ஒன்றிலிருந்து தொடங்கும். காற்றில் உரசும் பச்சையோலை பரவாயில்லை. ஆனால் பனங்கூடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும், காவோலையும் பனம்பழமும் விழும் நேரம் சொல்லிவைப்பதில்லை.

பழக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிறவர்கள் முதல் இரவு நித்திரையின்றிப் புரளுவது நேர வித்தியாசத்தால் மட்டும் அல்ல. 2016இல் அமெரிக்காவின் பிரவுண் பல்கலைக்கழகத்தில் மசாக்கோ தமாக்கி குழுவினர் கண்டது: புதிய இடத்தில் படுக்கும் முதல் இரவில் மூளையின் ஒரு பாதி மற்றப் பாதியைவிட இலேசாகவே உறங்கி, வெளிச் சத்தத்துக்குக் காவல் இருக்கிறது. இரண்டாம் இரவில் அது குறைந்துவிடுகிறது. வழக்கமாகக் கேட்டு உறங்கும் ஒலியைக் கூடவே கொண்டுவருவது உதவலாம். பனிக்காலத்துச் சாத்திய வீட்டின் அமைதியில் நித்திரை வராமல் ஊர் மழையைப் பதிவுசெய்து கேட்பவர்களின் ஏக்கமும் எனக்கு விளங்குகிறது.

விஞ்ஞானம் எதுவரை போயிருக்கிறது என்பதையும் நேராகச் சொல்ல வேண்டும். 2021இல் ரீடி, பாஸ்னர் ஆகியோர் அதுவரை வந்த 38 ஆய்வுக் கட்டுரைகளை ஒன்றாக எடுத்துப் பார்த்து, தொடர்ந்த இரைச்சல் நித்திரையை மேம்படுத்துகிறது என்பதற்கான சான்றின் தரம் மிகக் குறைவு என்று முடித்தார்கள். சத்தமுள்ள இடத்தில் மூடுவதற்கு அது உதவும் என்பது ஒரு கூற்று. அமைதியான அறையில் படுக்கும் நலமான ஆளுக்கும் அது நன்மை தரும் என்பது வேறு கூற்று. இரண்டாவதை நான் நம்பவில்லை. "இளஞ்சிவப்பு இரைச்சல் ஞாபகசக்தியைக் கூட்டும்" என்று பரவும் செய்திக்குப் பின்னால் 2017இல் நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் 13 முதியவர்களில் நடந்த ஆய்வு இருக்கிறது. அங்கே ஆழ்நித்திரை அலையின் ஏற்றத்துக்குச் சரியாகப் பொருந்தும்படி மிகச் சின்ன ஒலித்துடிப்புகளைக் கணினி போட்டது. இரவு முழுவதும் மழைச் சத்தம் ஓட்டுவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. உங்கள் அறை அமைதியாக இருந்து நித்திரையும் வருகிறதென்றால் எதையும் போட வேண்டாம். காதிரைச்சல் உள்ளவர்களுக்கு முழு அமைதி தொல்லையாகும். அவர்களுக்குத் தாழ்ந்த பின்னணி ஒலி ஆறுதல் தரும்.

பச்சைக் குழந்தை உள்ள வீட்டில் கவனம் இன்னும் கூட வேண்டும். 1990இல் லண்டனில் 40 பச்சிளங் குழந்தைகளில் நடந்த சோதனையில், வெள்ளை இரைச்சல் கேட்ட 20 குழந்தைகளில் 16 ஐந்து நிமிடத்துக்குள் உறங்கின. கேளாத 20இல் ஐந்துதான் உறங்கின. ஏணையை ஆட்டிக்கொண்டு 'உஸ்ஸ்' என்று நீட்டும் அம்மம்மாவின் வாயிலிருந்து வருவதும் அதே ஒலிதான். ஆனால் 2014இல் ரொறன்ரோவில் குழந்தைகளுக்கென்று விற்கும் 14 ஒலிக்கருவிகளை முழு ஒலியில் அளந்தபோது, 30 சென்ரிமீற்றர் தூரத்தில் எல்லாமே 50 டெசிபெலைத் தாண்டின. மூன்று 85ஐயும் தாண்டின. 85 என்பது தொழிற்சாலைத் தொழிலாளிக்கே எட்டு மணித்தியால வரம்பு. கைத்தொலைபேசியை ஏணைச் சீலைக்குள் போடும் வழக்கத்தை இன்றைக்கே விட வேண்டும். அறையின் மறுமூலையில், இரண்டு மீற்றருக்கு அப்பால் வைத்து, குழந்தை உறங்கியதும் மெல்லக் குறைத்து நிறுத்துங்கள். பெரியவர்களுக்கு அளவு பார்க்க ஒரு வழி: கட்டிலில் இருந்தபடி பக்கத்தில் உள்ளவரோடு தாழ்ந்த குரலில் கதையுங்கள். குரலை உயர்த்தத் தேவைப்பட்டால் ஒலி கூடிவிட்டது. பக்கத்து அறையில் குழந்தை அழுதால் கேட்கவும் வேண்டும்.

இத்தனையும் செய்தாலும் மூட முடியாத சத்தம் ஒன்று உண்டு. 80 டெசிபெலில் வரும் ஒலிபெருக்கியை மூட அதே அளவு இரைச்சலைப் போட்டால் காது போய்விடும். வெலிகம பள்ளிவாசல் ஒன்று தொடர்பான வழக்கில், இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று இலங்கை உயர் நீதிமன்றம் 2007 நவம்பர் 9இல் கட்டளையிட்டது. விசேட நிகழ்வுகளுக்குத்தான் விலக்கு. அந்தக் கட்டளை எந்த ஒரு சமயத்துக்கும் எதிரானதன்று, எல்லாருக்கும் பொதுவானது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும், விடிய மீன்பிடிக்கப் போகிறவரும், இரவு வேலை முடித்து வந்த தாதியும் நம் ஊர்க்காரர்தான். கூம்பு வடிவ ஒலிபெருக்கி எழுப்புவது பெரும்பாலும் நடுச்சுருதியும் மேற்சுருதியும்; மனிதக் காது கூர்மையாகக் கேட்கும் 2,000 முதல் 5,000 ஹேர்ட்ஸும் அதற்குள் அடங்கும். அது எந்தப் பக்கம் முகம் காட்டுகிறதோ அந்தப் பக்கமே ஒலி குவிந்து போகும். கோயில் நிர்வாகசபையிலும் சனசமூக நிலையத்திலும் பொறுப்பாக இருப்பவர்கள், மரத்தின் உச்சியில் வெளியே பார்த்துக் கட்டியிருக்கும் கூம்பை இறக்கி, கூட்டம் இருக்கும் பக்கம் பார்க்கத் திருப்பிக் கட்டலாம். விழாவுக்கு வந்தவர்களுக்கு முன்னையிலும் தெளிவாகக் கேட்கும்; தொலைவிலுள்ள வீடுகளுக்குப் போகும் சத்தமும் குறையும்.